குதிரைக்கு விட்ட வழியில் சைக்கிள்: இங்கிலாந்தின் கிராவல் பாதைகள்

கிராவல் பைக், அதாவது சரளை வழியில் ஓட்டுவதற்கென்று செய்த சைக்கிள், வாங்கியவுடன் வருகிற முதல் கேள்வி, இதை இங்கிலாந்தில் எங்கே ஓட்டுவது என்பதுதான். விளம்பரப் படங்களில் அடிவானம் வரை நீளும் சரளை ரோடு இருக்கும். அந்த ரோடு அமெரிக்காவின் கான்சஸ் பக்கம் இருக்கிறது. 2006-இல் அங்கே எம்போரியா என்ற ஊரில் ஆரம்பித்த நீண்டதூரப் பந்தயம்தான் இந்த வகைச் சைக்கிளுக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது. விவசாயிகள் தினமும் காரும் லாரியும் ஓட்டுகிற பொது ரோடே அங்கே சரளைதான். இங்கிலாந்தில் கதை வேறு. பத்து வீடு மட்டும் இருக்கிற குக்கிராமத்துக்குப் போகும், எதிரே ஒரு டிராக்டர் வந்தால் வேலியோரம் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒற்றைச் சந்துகூட தார் போட்டதாகத்தான் இருக்கும். தார் போடாமல் எது மிச்சம் இருக்கிறதோ, அது கார் போகத் தேவையில்லை என்று எப்போதோ கைவிடப்பட்ட வழி.

இந்த நிலைமைக்குச் சைக்கிள்காரர்களும் ஒரு காரணம் என்பதுதான் வேடிக்கை. 1886-இல், இங்கிலாந்து ரோடுகளில் கார் என்ற ஒன்றே ஓடாத காலத்தில், கல்லும் குழியுமாகக் கிடந்த ரோடுகளைச் சீராக்கச் சொல்லி ரோடு மேம்பாட்டுச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தவை இரண்டு சைக்கிள் அமைப்புகள். அதில் ஒன்று 1878-இல் தோன்றிய சைக்கிள் சுற்றுலாச் சங்கம், இன்று சைக்கிளிங் யூகே என்ற பெயரில் இயங்குகிறது. 1902-இல் நாட்டிங்ஹாம்ஷயர் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சர்வேயர் எட்கர் ஹூலி, தாரோடு உலைக்கசடைக் கலந்து செய்த டார்மாக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்துவிட்டது. இப்போது அதே அமைப்பு, தார் இல்லாத இடங்களைத் தேடிப்பிடித்து, கோர்த்து, பெயர் வைத்து வரைபடம் வெளியிடுகிறது.

ரோடு சைக்கிளைக் கரடுமுரடில் ஓட்டும் பழக்கம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1955-இல் ஹெரஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் ஊரின் ஒரு பப்பில் சில பத்துப் பேர் கூடி ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஒல்லி டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட சாதாரணச் சுற்றுலா சைக்கிளில் மலைக் கணவாய்களைத் தாண்டுவதும், முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதும்தான் அவர்கள் பொழுதுபோக்கு. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

சரி, இங்கிலாந்தில் ஒரு கிராவல் பாதை எங்கே போகும், எங்கே திடீரென்று தார் ரோட்டுக்கு இறங்கும் என்பதை முடிவு செய்வது இரண்டே விஷயங்கள். ஒன்று சட்டம். இன்னொன்று அடியில் இருக்கிற பாறை. அழகான காட்சி, ஊர், கோட்டை, கேக் கடை எல்லாம் இவை இரண்டுக்கும் பிறகுதான்.

முதலில் சட்டம். இங்கிலாந்தில் வயல், காடு, மேய்ச்சல் நிலம் எல்லாம் தனியாருக்குச் சொந்தமாக இருந்தாலும், அவற்றின் குறுக்கே பொதுமக்கள் போகும் உரிமை பெற்ற வழிகள் ஏறத்தாழ 1,88,000 கிலோமீட்டர் உள்ளன. கேட்கவே மலைப்பாக இருக்கும், ஆனால் அதில் 1,46,000 கிலோமீட்டருக்கு மேல் ஃபுட்பாத், அதாவது நடப்பவர்களுக்கு மட்டும். சைக்கிளுக்கு உரிமை உள்ளவை மூன்று வகை: குதிரை போகும் பிரிட்ல்வே, குதிரை வண்டி வரை போகும் ரெஸ்ட்ரிக்டட் பைவே, மோட்டார் வண்டியும் போகலாம் என்கிற பைவே. மூன்றையும் கூட்டினால் மொத்தத்தில் 22 சதவீதம்தான் வருகிறது. அதுவும் பிரிட்ல்வேயில் சைக்கிள் விடலாம் என்ற உரிமை 1968-இல் வந்த கிராமப்புறச் சட்டத்தில்தான் கிடைத்தது. நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்தான் வழிவிட வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கூடவே இன்னொரு வரியும் உண்டு: சைக்கிளுக்கு வசதியாக அந்த வழியைச் சீரமைத்துத் தர வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. குளிர்காலத்தில் முழங்கால் ஆழச் சேற்றைப் பார்த்து கவுன்சிலைத் திட்டுகிறவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டால் கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள்.

இந்த உரிமைகள் எல்லாம் எந்த வழிக்கு எது என்று எழுதி வைக்கப்பட்டது 1949-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லைக்குள் இருக்கிற வழிகளை அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. கள வேலை பெரும்பாலும் அந்தந்தக் கிராமத்தார் தலையில் விழுந்தது. ஒரு பாரிஷில், அதாவது கிராம அளவிலான நிர்வாகப் பகுதியில், அக்கறையாக இருந்தவர்கள் பழைய வண்டிப்பாதையைப் பிரிட்ல்வே என்று எழுதினார்கள். பக்கத்து பாரிஷில் அதே பாதையை ஃபுட்பாத் என்று எழுதிவிட்டுப் போனார்கள். விளைவை இன்றும் மேப்பில் பார்க்கலாம். ஒரு பிரிட்ல்வே இரண்டு மைல் நன்றாகப் போகும், ஒரு சின்ன ஓடை வரும், ஓடைக்கு அந்தப் பக்கம் அதே அகலம், அதே வேலி, அதே மண், ஆனால் ஃபுட்பாத். ஓடைதான் பாரிஷ் எல்லை. குதிரைகள் எல்லாம் முன்னூறு வருஷமாக ஓடைக்கரை வரை வந்து திரும்பிப் போயினவா என்று கேட்டால் பதில் கிடையாது. ஃபுட்பாத்தில் சைக்கிள் ஓட்டுவது பொதுவாகக் குற்றவியல் விவகாரம் ஆகாது, நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறல் என்ற சிவில் விஷயம்தான். ஆனாலும் பெயர் போட்டு வெளியிடுகிற எந்தப் பாதையும் அதைத் தொட முடியாது.

அதனால்தான் இங்கே பாதை போடுகிறவர்கள் எல்லாம் நாட்டின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் மேப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 1:25,000 அளவிலான எக்ஸ்ப்ளோரர் வரிசையில் பச்சை நிறச் சின்னக் கோடுகள் ஃபுட்பாத், நீளக் கோடுகள் பிரிட்ல்வே. தரையில் மஞ்சள் அம்பு நடப்பவருக்கு, நீலம் பிரிட்ல்வே, ஊதா ரெஸ்ட்ரிக்டட் பைவே, சிவப்பு பைவே. செயலிகளில் வருகிற ஹீட்மேப்பை மட்டும் நம்புகிறவர்கள் உண்டு. ஆட்கள் எங்கே ஓட்டியிருக்கிறார்கள் என்று அது காட்டும், ஓட்ட உரிமை இருந்ததா என்று காட்டாது. பக்கத்து நாடான ஸ்காட்லாந்தில் இந்தத் தலைவலியே இல்லை. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் சைக்கிளும் போகலாம் என்று சொல்லிவிட்டது. எல்லையைத் தாண்டியதும் இங்கிலாந்துக்காரர்களுக்கு வருகிற பொறாமை நியாயமானதுதான்.

இனி பாறை. சட்டம் வழியைத் தரும், ஆனால் அதில் சக்கரம் உருளுமா என்பதை மேப் சொல்லாது. நீளப் பச்சைக்கோடு ஒன்று தேசிய நெடுஞ்சாலை மாதிரிக் கெட்டியான தரையாக இருக்கலாம், மாடுகள் மிதித்துக் குழப்பிய வயல் மூலையாகவும் இருக்கலாம். மேப்பில் இரண்டுக்கும் ஒரே கோடுதான். தென் இங்கிலாந்தில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு மையம் தன் வரைபடத்தை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. சவுத் டவுன்ஸ் மலைத்தொடரின் உச்சியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சீக்கிரம் காய்ந்துவிடும். வடக்கே சரிவில் இறங்கினால் அடிவாரத்தில் கால்ட் களிமண் வரும், அது ஒரு மெல்லிய பட்டைதான், ஆனால் பிப்ரவரியில் அந்தப் பட்டையைத் தாண்டுவதற்குள் சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மண் அடைத்துச் சைக்கிள் நின்றுவிடும். அதையும் தாண்டினால் மணற்பாறை, மறுபடி ஓட்டலாம். அதற்கும் வடக்கே வீல்டு களிமண், அங்கே வசந்தம் வரும் வரை போகாமல் இருப்பது உத்தமம். நான்கைந்து மைலுக்குள் இத்தனை மாற்றம். பழங்கால மனிதர்கள் பள்ளத்தாக்கை விட்டு மலைமுதுகிலேயே நடந்தார்கள் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அந்த மலைமுதுகு வழிகளில் ரிட்ஜ்வேதான் எனக்கு முதலிடம். ஏவ்பரி பக்கத்தில் ஓவர்டன் மலையில் தொடங்கி ஐவிங்கோ பீக்கன் வரை 139 கிலோமீட்டர். சைக்கிளுக்கு முழுதாகத் திறந்திருப்பது தேம்ஸ் ஆறு வரையிலான மேற்குப் பாதிதான், ஆற்றைத் தாண்டினால் ஃபுட்பாத் துண்டுகள் குறுக்கிடும். அந்த மேற்குப் பாதியைக் கிட்டத்தில் பார்த்தால் இப்படி இருக்கும்: ஒரு சின்ன ரோடு அளவுக்கு அகலம், நடுவில் புல், இரண்டு பக்கமும் வண்டிச் சக்கரம் அறுத்த தடம். தடத்துக்குள் தரை வெள்ளையாக, கையால் தேய்த்தால் மாவாக உதிரும். அதற்குள் முட்டி நிற்பது சிக்கிமுக்கிக் கல், வெளியே வெள்ளைத் தோல், உள்ளே கறுப்பு, உடைந்த விளிம்பு கத்தி. டயரின் பக்கவாட்டைக் கிழிப்பது அதுதான், உள்ளே சீலன்ட் ஊற்றியிருந்தாலும் நீளமான வெட்டை அது அடைக்காது. மழை பெய்த மறுநாள் தடத்தில் பால் நிறத்தில் தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது. ஓரத்தில் பாசி பிடித்த ஈரச் சுண்ணாம்பு, சரிவில் சோப்புக்கட்டி மேல் டயரை வைத்தது மாதிரிதான். தடத்திலிருந்து நடுப்புல்லுக்கு மாற நினைக்கிற அந்த ஒரு நொடியில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். கோடையில் இதே இடம் சிமெண்ட் தரையாக இறுகி, காற்றும் பின்னாலிருந்து அடித்தால், இதைவிட நல்ல சைக்கிள் பாதை தென் இங்கிலாந்தில் இல்லை என்று தோன்றும்.

வழியில் வேலண்ட்ஸ் ஸ்மிதி என்ற புதிய கற்காலக் கல்லறை மேடு வருகிறது. குதிரையை அங்கே கட்டி ஒரு காசை வைத்துவிட்டுப் போனால், கண்ணுக்குத் தெரியாத கொல்லன் லாடம் அடித்து வைப்பான் என்று ஊர்க்கதை. டியூப் மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லவில்லை. அதற்குக் கொஞ்சம் கிழக்கே அஃபிங்டன் வெள்ளைக் குதிரை, மலைச்சரிவில் வெட்டிச் சுண்ணாம்பை இட்டு நிரப்பிய 110 மீட்டர் நீள உருவம், ஏறத்தாழ 3,000 வருஷப் பழசு.

சவுத் டவுன்ஸ் வே இன்னும் பிரபலம். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர், கிழக்குப் பகுதி 1972-இல் திறந்தது, வின்செஸ்டர் வரை நீட்டியது பிறகு. நாட்டின் நீண்டதூரப் பாதைகளில் சைக்கிளுக்கும் குதிரைக்கும் முழுதாகத் திறந்திருந்த முதல் பாதை இதுதான். கிழக்குக் கோடியில் மட்டும் நடப்பவர்கள் செவன் சிஸ்டர்ஸ் கடல் பாறைகள் வழியே போவார்கள், சைக்கிள் ஜெவிங்டன் பக்கம் உள்நாட்டு வழியில் திரும்ப வேண்டும். மலைமுதுகுதானே, சமமாகப் போகும் என்று எண்ணி ஏமாறக் கூடாது. ஆறுகள் குறுக்கே வெட்டியிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும், மொத்த ஏற்றம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் வந்துவிடும். மேலே ஓடை ஒன்றுகூட இருக்காது, சுண்ணாம்பு எல்லாவற்றையும் குடித்துவிடும். அதனால் குடிநீர்க் குழாய் எங்கெங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இரண்டு பாதைகளின் துண்டுகளையும் சேர்த்து 2020-இல் சைக்கிளிங் யூகே வெளியிட்டதுதான் கிங் ஆல்ஃபிரட்ஸ் வே. வின்செஸ்டரில் ஆரம்பித்து சாலிஸ்பரி, ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி, ரீடிங், ஃபார்னம் என்று சுற்றி மறுபடி வின்செஸ்டர், 350 கிலோமீட்டர். இங்கிலாந்தில் பாதை போடுவது எவ்வளவு கோர்ப்பு வேலை என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ரிட்ஜ்வே தேம்ஸில் வந்து முட்டுகிறது, அதன் கிழக்குப் பாதி ஃபுட்பாத் கலந்தது, அதனால் பாதை தெற்கே மடங்கி ரீடிங் ஊருக்குள் புகுந்து வெளியே வருகிறது. கிராமப்புற அழகைத் தேடி வந்தவர்கள் அந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். மாற்று வழி இல்லை என்பதுதான் உண்மை, மேப்பை நாலு மணி நேரம் பார்த்தாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கும். பலர் மூன்று நான்கு நாளில் முடிக்கிறார்கள். லண்டன் வாட்டர்லூவிலிருந்து வின்செஸ்டருக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான் என்பதும், சுற்று ஆரம்பித்த இடத்திலேயே முடிகிறது என்பதும் இதன் வெற்றிக்குப் பாதிக் காரணம் என்பேன். ஸ்டோன்ஹெஞ்சுக்கு மேற்கே ஒட்டியே ஒரு பைவே போகிறது, டிக்கெட் இல்லாமலே கற்களை நன்றாகப் பார்க்கலாம்.

அதே வட்டாரத்தில் சாலிஸ்பரி சமவெளி. இங்கிலாந்தில் கான்சஸுக்கு மிக அருகில் வருகிற இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அகலமான, டாங்கி ஓடி இறுகிய சரளை ரோடு, மரம் இல்லாத புல்வெளி, வானம். காரணம் ராணுவம், ஏறத்தாழ 38,000 ஹெக்டேர் ராணுவப் பயிற்சி நிலம். 1943 டிசம்பரில் இம்பர் என்ற கிராமத்தை அமெரிக்கப் படைகளின் பயிற்சிக்காகக் காலி செய்ய வைத்தார்கள், மக்கள் திரும்பிக் குடியேறவே முடியவில்லை. உழவும் இல்லை, வீடும் இல்லை, அதனால் தாரும் வரவில்லை. சிவப்புக் கொடி பறந்தால் உண்மையான குண்டு வெடிக்கிறது என்று அர்த்தம், அந்தப் பக்கம் போகவே கூடாது.

வடக்கே போனால் வெள்ளைச் சுண்ணாம்பு மறைந்து கல் சுவரும் கரிமண்ணும் வரும். பென்னைன் மலைகளில் இருப்பவை பொதிக்குதிரைகள் உப்பும் கம்பளியும் சுமந்து போன வழிகள், ஆட்டு மந்தைகளை ஓட்டிப்போன வழிகள். பீக் மாவட்டத்து மாம் டார் குன்றிலிருந்து யார்க்ஷயரின் கில்ன்சி கிராமம் வரை என்று யாராவது ஒரே நாளில் திட்டம் போட்டால் தடுத்துவிடுங்கள், வடக்கு மைல் தெற்கு மைலைவிட நீளம். யார்க்ஷயர் டேல்ஸில் மாஸ்டைல்ஸ் லேன், ஃபவுன்டன்ஸ் மடத்துத் துறவிகள் கில்ன்சியிலிருந்து மால்ஹம் பக்கம் ஆடுகளை ஓட்டிய வழி, இரண்டு பக்கமும் சாந்து பூசாத கல்சுவர். லங்காஷயரில் ஸ்லெய்ட்பர்னிலிருந்து ஹார்ன்பி வரை போகும் சால்ட்டர் ஃபெல் வழியும் அருமை. அதில் ஏறிவிட்டால் வெகுதூரத்துக்கு வீடு, கடை எதுவும் கிடையாது, மழைக்கோட்டு இல்லாமல் கிளம்பக் கூடாது.

பென்னைன் பிரிட்ல்வே என்ற 330 கிலோமீட்டர் பாதைக்குச் சைக்கிள்காரர்கள் நன்றி சொல்ல வேண்டியது ஒரு குதிரைக்காரப் பெண்மணிக்கு. மேரி டவுன்லி, 1986-இல் நார்தம்பர்லாந்திலிருந்து டார்பிஷயர் வரை குதிரையில் வந்து, பிரிட்ல்வேக்கள் எவ்வளவு பாழாகிக் கிடக்கின்றன என்று நாட்டுக்குக் காட்டினார். அவர் பெயரிலான 47 மைல் சுற்று 2002-இல் திறந்தது. மென்மையான மண்ணில் கல் பாவியிருப்பார்கள், அந்தக் கல் கிராவல் டயரில் பல்லை ஆட்டும். இங்கெல்லாம் 40 மில்லிமீட்டர் டயர் போதாது, 45 அல்லது 50 போட்டால் மறுநாள் கை வலிக்காது. தெற்கோ வடக்கோ, கியர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏற்றங்கள் நீளம் குறைவு, செங்குத்து அதிகம்.

ரயில் பாதைகளையும் சொல்லிவிடுகிறேன். 1960-களில், லாபமில்லாத ரயில் தடங்களை மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கையை ஒட்டியும் அதற்கு முன்னும் பின்னும் மூடிய தடங்கள் பல இன்று சைக்கிள் வழிகள். பீக் மாவட்டத்தில் டிசிங்டன் டிரெயில், ஹை பீக் டிரெயில், யார்க்ஷயர் கடலோரத்தில் ஸ்கார்பரோவிலிருந்து விட்பி வரை 21 மைல் போகும் சின்டர் டிராக். ரயிலுக்காகப் போட்ட அடித்தளம் என்பதால் தண்ணீர் தேங்காது, ஏற்றம் மெதுவானது. குழந்தைகளோடு போக நல்லது, தனியாகப் போனால் எனக்குச் சலித்துவிடும்.

முழு நாள் சரளையிலேயே உருள ஆசையா, காடுதான் வழி. முதல் உலகப்போரில் மரத்துக்குத் திண்டாடிய பிரிட்டன் 1919-இல் வனத்துறை ஆணையத்தை அமைத்தது, நார்தம்பர்லாந்தில் கீல்டர் காடு அப்படி நட்டு வளர்த்தது, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட ரோடு அத்தனையும் உண்மையான சரளை. டர்ட்டி ரீவர் என்ற 200 கிலோமீட்டர் சவாரி 2016-லிருந்து அங்கேதான் நடக்கிறது. கோடையில் பொடிக்கொசு பிடுங்கி எடுத்துவிடும், மரம் வெட்டும் இடங்களில் வழி மூடியிருக்கும். நார்ஃபோக், சஃபோக் எல்லையில் தெட்ஃபோர்டு காடு மணல் நிலம், மழையும் குறைவு, ஜனவரியிலும் ஓட்டலாம். களிமண் பக்கம் வீடு இருப்பவர்கள் குளிர்காலத்தில் அங்கே ரயிலேறிப் போவது வீண்செலவு ஆகாது.

எங்கே போனாலும் குதிரை வரும். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வேகமாக வருகிற எதையும் குதிரை வேட்டை மிருகமாகத்தான் எடுத்துக்கொள்ளும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து ஒரு ஹலோ சொன்னால் போதும், மனிதக் குரல் கேட்டதும் அது அடங்கிவிடும்.

புது வழிகள் கிடைக்குமா என்றால், கிடைக்கும், ஆனால் மிக மெதுவாக. ஒருமுறை பொதுவழி ஆனது சட்டப்படி மூடப்படும் வரை பொதுவழிதான் என்பது இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தின் பழைய கொள்கை. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஒரு கெடு வைத்தது: 1949-க்கு முன்பே இருந்து, வரைபடத்தில் விடுபட்டுப் போன வழிகளை 2026 ஜனவரி 1-க்குள் பதியாவிட்டால் உரிமை போய்விடும். நடப்பவர்களின் அமைப்பான ராம்ப்ளர்ஸ் 2020-இல் தொண்டர்களை வைத்துப் பழைய மேப்புகளோடு ஒப்பிட்டபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 49,000 மைல் அப்படி விடுபட்டிருக்கலாம் என்று தெரிந்தது. கெடுவை 2031-க்குத் தள்ளினார்கள், 2024 டிசம்பரில் கெடுவையே ரத்து செய்யப் போவதாக அரசு அறிவித்தது. இதற்கிடையில் பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் தொண்டர்கள் கவுண்டி ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து, பொது நிலத்தைப் பிரித்து வேலி போட்டபோது எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலியடைப்புப் பத்திரங்களையும் 1910-ஆம் ஆண்டு நிலவரி மேப்புகளையும் புரட்டி, இந்த ஃபுட்பாத் ஒரு காலத்தில் நாற்பது அடி அகல வண்டிப்பாதை என்று விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த விண்ணப்பங்கள் பல இன்னும் கவுன்சில்களில் வரிசையில் கிடக்கின்றன, ஒன்று முடியப் பல வருஷம் ஆகிறது. உங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, கவுண்டி கவுன்சில் தளத்தில் வரைபட மாற்ற விண்ணப்பங்களின் பதிவேடு பொதுவில் இருக்கும். அந்த வழியை நீங்களோ வீட்டில் பெரியவர்களோ இருபது வருஷமாகத் தடையில்லாமல் பயன்படுத்தியிருந்தால் அதுவே சாட்சியம், எழுதிக் கொடுக்கலாம்.